பாங்க் என்றால் பணமா, பலகையா?

நெக்கார்வாசி | சனி, இரவு 9.40

ஸ்டுட்கார்ட் நகருக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. கடையில் ரொட்டி கேட்டு வாங்கும் அளவுக்கு ஜெர்மன் தேறியிருக்கிறேன். அதற்கு மேல் போனால் திணறல்தான். உடன் வேலை செய்யும் நண்பன் இன்று மதியம் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பினான்: ஆறு மணிக்கு 'ஆன் டெர் பாங்க்' சந்திப்போம். பாங்க்தானே, இதற்கு அகராதி வேறு எதற்கு என்று, டிராம் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் வங்கியின் வாசலில் ஐந்தே முக்காலுக்கே போய் நின்றுவிட்டேன். கதவு பூட்டியிருந்தது. காற்று காதை அறுத்தது. பணம் எடுக்க வந்த கிழவி ஒருவர் என்னை இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கைப்பையை இறுக்கிக்கொண்டு போனார்.

ஆறரைக்கு நண்பனிடமிருந்து அழைப்பு. அவன் நெக்கார் ஆற்றங்கரையில், லிண்டன் மரத்தடியில், நேற்று நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட பெஞ்சில் எனக்காகக் காத்திருந்தானாம். ஜெர்மனில் அந்தப் பெஞ்சும் 'பாங்க்'தான்!

என் கேள்வி இதுதான். நம் 'கால்' உடலுறுப்பாகவும் கால்பங்காகவும் இருப்பதுபோல இது வெறும் ஒலி ஒற்றுமையா, அல்லது இரண்டும் ஒரே சொல்லா? போதாக்குறைக்கு ஆங்கிலத்தில் ஆற்றங்கரையும் பேங்க். ஆக, நண்பன் பாங்கின் மேல் உட்கார்ந்தபடி பேங்க் ஓரமாக இருந்திருக்கிறான். நான் பாங்க் வாசலில் நின்றிருக்கிறேன்.

ரைன்கரை | சனி, இரவு 10.15

தம்பி, 22 ஆண்டுகளுக்கு முன் நானும் இதே பள்ளத்தில் விழுந்தவன். இரண்டும் பெண்பால், இரண்டுக்கும் முன்னால் 'டீ' என்ற பால் காட்டும் சொல்தான் வரும். அதனால் ஒருமையில் பிரித்தறியவே முடியாது. பன்மையில்தான் குட்டு வெளிப்படும். பெஞ்சுகள் என்றால் 'பெங்கெ', வங்கிகள் என்றால் 'பாங்கன்'. ஆற்றிலும் கடலிலும் இருக்கும் மணல்திட்டு 'சாண்ட்பாங்க்'. அதன் பன்மை பெஞ்சைப் பின்பற்றி 'சாண்ட்பெங்கெ' என்று போகும்.

இந்தப் பெஞ்சை வைத்து ஜெர்மானியர் பேசும் பேச்சு அருமையானது. ஒரு வேலையை 'நீண்ட பாங்கின் மேல் தள்ளிவிட்டான்' என்றால் கிடப்பில் போட்டுவிட்டான் என்று பொருள். பழைய நீதிமன்றங்களில் வழக்குக் கட்டுகளைப் பெஞ்சு போன்ற நீளமான பெட்டிகளில் போட்டு வைத்ததிலிருந்து வந்தது என்று விளக்கம் சொல்வார்கள். நம் ஊரிலும் கட்டுகள் கிடக்கத்தான் செய்கின்றன, பெட்டிதான் வேறு. 'துர்ஹ் டீ பாங்க்' என்றால் ஒருவர் விடாமல், எல்லாரும். பந்தியில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை இலையைத் தாண்டாமல் பரிமாறுவது போல.

எல்லையைத் தாண்டி நெதர்லாந்துக்குப் போனால் கதை இன்னும் மோசம். அங்கே வீட்டுக்குள் இருக்கும் சோபாவும் 'பாங்க்'. கணவன் பாங்கில் தூங்குகிறான் என்றால் வங்கி அதிகாரி என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் சண்டை நடந்திருக்கிறது.

மூலவேர் | சனி, இரவு 11.02

இவ்வளவு சுற்றுவானேன்? 'வாங்கு' என்ற நம் வினைச்சொல்தான் ஐரோப்பாவுக்குப் போய் 'பாங்க்' ஆயிற்று. பணத்தை வாங்கி வைக்கும் இடம் வங்கி. வகரம் பகரமாவது ஒன்றும் அதிசயம் இல்லை. வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து எடுத்ததை நமக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

பொதிகை | ஞாயிறு, காலை 6.30

மூலவேர் ஐயா, தமிழ்மேல் உங்களுக்குள்ள பற்று எனக்கும் உண்டு. ஆனால் இந்த வழக்கில் சாட்சிகள் எல்லாம் எதிர்த்தரப்பில் நிற்கிறார்கள்.

முதலாவது, பொருள். இந்தச் சொல்லுக்குப் பணம் என்ற பொருள் கடைசியில் வந்தது. வாங்குவதோ கொடுப்பதோ அதில் முதலில் இல்லவே இல்லை. உட்காரும் பலகை, அல்லது கரைபோல உயர்ந்த மண்மேடு, இவைதான் பழைய பொருள்கள். இரண்டும் எப்படி ஒரே சொல்லில் அடங்கும் என்று ஜெர்மன் மாணவருக்கு விளக்கப் பாடுபடவேண்டும். நமக்கோ 'திண்ணை' என்று சொன்னால் போதும். சுவரோரம் மண்ணைக் குவித்து உயர்த்தியதும் அதுவே, உட்காரும் இடமும் அதுவே.

இரண்டாவது, காலம். பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காப்பியத்தின் கையெழுத்துப்படி ஏறக்குறைய 1000ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வீரர்கள் தேன்மது அருந்தும் கூடத்தில் உட்காரும் பெஞ்சை அது 'மெடுபெங்க்' என்கிறது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் கால் வைத்தது 1498இல். இடையில் ஐந்நூறு ஆண்டு கிடக்கிறது.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்த சாட்சி: ஒலி. ஜெர்மானிய மொழிகள் எல்லாவற்றுக்கும் தாயான மொழியில் இந்தச் சொல் 'பாங்கிஸ்' போல இருந்தது என்று கணக்கிடுகிறார்கள். கடைசியில் நிற்கும் இகரத்தைக் கவனியுங்கள். அது முன்னால் இருக்கும் அகரத்தைத் தன் பக்கம் இழுத்து எகரமாக்கிவிட்டது. பின்னால் வரும் உயிர் முன்னால் இருக்கும் உயிரை இழுப்பது நமக்குத் தெரியாததா? 'இலை' என்று எழுதுகிறோம், 'எலை' என்று பேசுகிறோம். 'உடம்பு' வாயில் 'ஒடம்பு' ஆகிறது. அதே மாதிரியான இழுப்புதான், திசை மட்டும் வேறு. அப்படித்தான் ஆங்கிலத்தில் 'பெங்க்' பிறந்து, ககரம் சகரமாக நெகிழ்ந்து 'பெஞ்ச்' ஆயிற்று. ரைன்கரை சொன்ன 'பெங்கெ'யிலும் அதே இகரத்தின் வேலை தெரிகிறது. இகரம் செத்து ஆயிரம் ஆண்டு ஆனாலும் தடம் அழியவில்லை.

வடக்கே, நார்வேயிலும் ஐஸ்லாந்திலும் பேசிய பழைய நார்ஸ் மொழியில் வேறொரு மாற்றம். 'ங்க்' என்பது 'க்க்' ஆனது. பெஞ்சு 'பெக்கர்', ஆற்றங்கரை 'பக்கி'. ஐஸ்லாந்தில் இன்றைக்கும் பெஞ்சு 'பெக்குர்', கரை 'பக்கி', பணம் போடும் இடம் மட்டும் 'பாங்கி'. மெல்லினம் வல்லினமாவதைக் கேட்டு மலைக்கவேண்டாம். 'மருந்து' கொடுக்கும் இடம் 'மருத்துவமனை', 'இரும்பு' போட்ட பாதை 'இருப்புப்பாதை'. இப்படி ஒழுங்காக நடந்த மாற்றங்களை ஆறேழு மொழிகளில் வைத்திருக்கும் சொல்லை இரவல் சொல் என்று சொல்ல முடியாது. அது அங்கே பிறந்து வளர்ந்தது.

கடைசியாக ஒன்று. 'வங்கி' என்றால் நம் பாட்டிமார் மேற்கையில் அணிந்த நகை. அதை அடகு வைக்கத்தான் வங்கிக்குப் போனார்கள் என்று வேண்டுமானால் உறவு கொண்டாடலாம்.

மூலவேர் | ஞாயிறு, காலை 7.10

அடகு வைத்தது உண்மைதான். மற்றதை யோசிக்கிறேன்.

வட்டுக்கோட்டையாள் | ஞாயிறு, காலை 8.25

'வாங்கு' என்ற சொல்லைப் பார்த்ததும் திடுக்கிட்டுப் போனேன். நீங்கள் எல்லாரும் அதை வினைச்சொல்லாகவே எடுத்துப் பேசிக்கொண்டு போகிறீர்கள். யாழ்ப்பாணத்தில் வாங்கு என்றால் பெஞ்சு!

பாடசாலையில் நாங்கள் இருந்தது வாங்கில். வீட்டுப்பாடம் செய்யாமல் போனால் 'வாங்கில் ஏறி நில்' என்பது தண்டனை. அம்மம்மா வீட்டு விறாந்தையில் ஒரு பலா மர வாங்கு இருந்தது. நான்கு பேர் தாராளமாக இருக்கலாம். நடுவில் இருப்பவர் எழும்பினால் ஓரத்தில் இருப்பவரின் தொடையைப் பலகை இடுக்கு கிள்ளும். அந்த இடத்தில் இருக்கச் சொல்லித்தான் புதிதாக வரும் விருந்தாளிகளுக்குக் காட்டுவோம்.

இது போர்த்துக்கேயரின் 'பாங்கோ'. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் 1658இல் ஒல்லாந்தரிடம் தோற்றுப் போனார்கள். போகும்போது தளபாடத்தை விட்டுவிட்டுப் போனார்கள் போல: மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு, நான்குமே அவர்கள் மொழி. சிங்களத்தில் பெஞ்சு 'பங்குவ', பணம் போடுவது 'பேங்குவ'. முன்னையது லிஸ்பனிலிருந்து வந்தது, பின்னையது லண்டனிலிருந்து. எழுத்தில் ஒரு குறியீடுதான் வித்தியாசம்.

நெக்கார்வாசி | ஞாயிறு, காலை 9.00

அக்கா, அப்படியானால் தமிழில் இந்தப் பலகை மூன்று முறை வந்திறங்கியிருக்கிறது! போர்த்துக்கீசியக் கப்பலில் வாங்கு, ஆங்கிலக் கப்பலில் பெஞ்சு, அதே கப்பலில் இன்னொரு மூட்டையாக பேங்க். நான் நேற்று வெறும் இரண்டோடு திண்டாடினேன்.

ரைன்கரை | ஞாயிறு, காலை 9.20

மூன்று முறை வந்ததற்கே மலைத்தால் எப்படி? இத்தாலியர்கள் பக்கத்து வீட்டிலிருந்தே இரண்டு முறை இரவல் வாங்கியவர்கள். ஜெர்மானியக் கூட்டங்களிடமிருந்து 'பாங்கோ'வும் 'பாங்கா'வும் வந்தன. 568இல் இத்தாலிக்குள் புகுந்த லாங்கோபார்டியர் பகரத்தை அழுத்தி 'பாங்கா' என்று, நாம் 'பழம்' என்பதில் சொல்லும் வல்லின ஒலியோடு உச்சரித்தார்கள். அதுவும் தங்கிவிட்டது. இன்று இத்தாலியில் அழுத்திச் சொன்னால் உட்காரும் பெஞ்சு, மெலித்துச் சொன்னால் வங்கி. தமிழ் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதவேண்டியிருப்பது நம் தலையெழுத்து.

அந்த லாங்கோபார்டியர் குடியேறிய நாடுதான் லொம்பார்டி. பின்னாளில் அந்தப் பக்கத்து வட்டிக்கடைக்காரர்கள் ஐரோப்பா முழுவதும் பரவினார்கள். லண்டனில் லொம்பார்டு தெரு இருக்கிறது.

கல்லாப்பெட்டி | ஞாயிறு, பகல் 11.45

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். 34 ஆண்டு காசாளராக இருந்து ஓய்வுபெற்றவன். கம்பிக்கூண்டுக்குப் பின்னால் உயரமான முக்காலியில் உட்கார்ந்து எண்ணியே முதுகு போயிற்று. பலகையிலிருந்துதான் எங்கள் தொழிலே தொடங்கியது என்று இப்போது தெரிகிறது. முதுகுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

எங்கள் பயிற்சி வகுப்பில் ஓர் ஆசிரியர் சொன்ன கதை: இத்தாலியில் நாணயம் மாற்றுகிறவர்கள் சந்தையில் பலகை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போனால் மற்றவர்கள் வந்து அவன் பலகையை உடைத்துவிடுவார்கள். உடைந்த பலகை என்பதே 'பாங்க்ரப்ட்' ஆயிற்று. இது சரிதானா?

இன்னொன்று. ஆலயத்தில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் இடம் உறுத்தும். இயேசு தேவாலயத்துக்குள் போய் 'காசுக்காரருடைய பலகைகளை'க் கவிழ்த்தார் என்று மத்தேயு 21ஆம் அதிகாரத்தில் வருகிறது. காசுக்காரருக்கு ஏன் பலகை என்று சின்ன வயதில் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

பொதிகை | ஞாயிறு, மாலை 4.10

ஐயா, அடிக்கு மருந்தாக ஒரு செய்தி. அந்த வசனத்தின் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் 'டிராபெசா'. நாலு கால் கொண்டது, அதாவது மேசை. வடிவியலில் படித்த 'டிரப்பீசியம்' இதன் குட்டி. அதே மத்தேயுவில் தாலந்து உவமையில், பணத்தைக் 'காசுக்காரர் வசத்தில்' போட்டுவைத்திருக்கவேண்டும் என்று எஜமான் சொல்கிறார் அல்லவா? அங்கே கிரேக்கத்தில் காசுக்காரர் 'டிராபெசிட்டேஸ்', மேசைக்காரர். இன்றைக்கு ஏதென்ஸ் தெருவில் வங்கிப் பலகைகளில் எழுதியிருப்பதும் 'டிராபெசா'தான். ஐரோப்பா முழுக்க 'பாங்க்' என்று சொல்ல, கிரேக்கர் மட்டும் தங்கள் பழைய மேசையை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் கடையில் சாமான் அடுக்கும் மேடைக்கு 'பாங்கோஸ்' என்று இத்தாலியச் சொல்லை வாங்கியிருக்கிறார்கள்!

மேசை என்ற எண்ணம் மேற்கிலும் இருந்தது. பார்சிலோனா நகரம் 1401இல் தொடங்கிய பொதுவங்கியின் பெயர் 'டவுலா டி கான்வி', மாற்று மேசை. ஆனால் வென்றது இத்தாலியப் பெஞ்சு. ஜெனோவாவும் ஃபுளோரன்ஸும் வெனிஸும் கணக்கு வைக்க, ஐரோப்பா கடன் வாங்கியது. கடனோடு சொல்லும் போயிற்று. வெனிஸில் ரியால்டோ பாலத்தருகே இருந்த சந்தையில் 1587இல் அரசே ஒரு 'பாங்கோ' திறந்தது. பிறகு ஆம்ஸ்டர்டாம் 1609, ஸ்டாக்ஹோம் 1650களில், லண்டன் 1694. ஸ்டாக்ஹோமில் 1661இல் அச்சடித்த தாள்களைத்தான் ஐரோப்பாவின் முதல் பணத்தாள்கள் என்பார்கள். அளவுக்கு மீறி அச்சடித்தார்கள், வங்கி படுத்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சொல் புறப்பட்ட இடம் ஜெர்மானிய மொழி. அங்கிருந்து தெற்கே இறங்கி, இத்தாலியில் காசு சம்பாதித்துக்கொண்டு, பிரெஞ்சு வழியாகவும் நேராகவும் மீண்டும் வடக்கே சொந்த வீட்டுக்குத் திரும்பியது. வீட்டில் அதன் உடன்பிறப்பு அதே பழைய பலகையாக உட்கார்ந்திருந்தது. அடையாளம் தெரியவில்லை. அதனால்தான் ஒருவருக்கு 'பெங்கெ', மற்றவருக்கு 'பாங்கன்' என்று தனித்தனிப் பன்மை. நெக்கார்வாசி தம்பி வாசலில் நின்றதற்குக் காரணம் இந்தப் பாகப்பிரிவினைதான்.

உடைந்த பலகைக் கதை பற்றி: இத்தாலிய 'பாங்காரோட்டா'வுக்கு அப்படித்தான் சொல்லுக்குச் சொல் பொருள். ஆங்கிலேயர் 1542இல் சட்டமே இயற்றிவிட்டார்கள். படித்தவர்கள் இலத்தீன் வாசனை வரட்டும் என்று 'ரப்ட்' என்று எழுத்தையும் திருத்தினார்கள். ஆனால் யாரோ கோடாலியோடு வந்து பலகையைப் பிளந்ததாக நம்பவேண்டிய கட்டாயம் இல்லை. தொழில் முறிந்தது என்று சொல்வதற்கு உண்மையான முறிவு தேவையில்லை.

மூலவேர் | ஞாயிறு, மாலை 5.00

இதில் நான் உங்கள் கட்சி. 'நொடித்துப் போனான்' என்கிறோம். நொடிதல் என்றால் முறிதல். யாரும் எதையும் போய் முறிக்கவில்லை. 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்' என்பதும் அப்படித்தான். 'திவால்' மட்டும் வடக்கிலிருந்து வந்தது, அதில் எனக்கு உரிமை இல்லை.

வட்டுக்கோட்டையாள் | ஞாயிறு, மாலை 5.40

எங்கள் பக்கத்தில் நொடிப்பதும் இல்லை, திவாலாவதும் இல்லை. 'வங்குரோத்து' ஆகிறோம்! 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்த பிறகு பத்திரிகையைத் திறந்தால் 'வங்குரோத்து நாடு', 'வங்குரோத்து அரசியல்' என்று வாரக்கணக்காக இதே சொல்தான். ஒல்லாந்தரின் 'பாங்க்ரூட்' இது. சிங்களத்தில் 'பங்கொலொத்'. எரிவாயு வரிசையில் நின்ற நாட்களில் ஒருநாளும் இது உடைந்த வாங்கு என்று எனக்குத் தோன்றவில்லை. இருக்க ஒரு வாங்கு கிடைத்தால் போதும் என்றுதான் தோன்றியது.

ஒல்லாந்தர் விட்டுப்போன 'கந்தோர்' இதற்கு உறவுமுறை இல்லாவிட்டாலும் ஒரே குணம். அலுவலகத்தைக் கந்தோர் என்பார் என் தாத்தா. டச்சு 'கான்டோர்', அது பிரெஞ்சு 'கோம்ப்துவார்', பணம் எண்ணும் மேசை. மேசையிலிருந்து கட்டடம்.

கல்லாப்பெட்டி | ஞாயிறு, மாலை 6.05

அப்படிப் பார்த்தால் 'பீரோ'வும் சேர்ந்துகொள்ளும். பிரெஞ்சில் முரட்டுத் துணி, பிறகு அந்தத் துணி விரித்த எழுதும் மேசை, பிறகு அலுவலகம். நாம் மட்டும் அதற்கு இரும்புக் கதவு போட்டுப் புடவை அடுக்கிவிட்டோம்.

வோல்காமாணவன் | ஞாயிறு, இரவு 7.30

ருஷ்யாவில் மருத்துவம் படித்தவன். முதல் ஆண்டில் கட்டணம் கட்டவேண்டும் என்று விடுதிக் காப்பாளர் அம்மாவிடம் போய் 'பான்கா எங்கே' என்று கேட்டேன். அந்த அம்மா முகம் மலர்ந்து உள்ளே போய், ஊறுகாய் வெள்ளரி போட்ட மூன்று லிட்டர் கண்ணாடி சாடி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். ருஷ்ய மொழியில் 'பாங்க்' வங்கி, 'பான்கா' சாடி. கட்டணத் தேதி தவறியது, வெள்ளரி மட்டும் மிச்சம்.

சாடிக்கும் வங்கிக்கும் உறவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் ருஷ்யக் கப்பல்காரர்கள் பேச்சில் இன்னொரு 'பான்கா' உண்டு. படகில் துடுப்பு போடுகிறவர் உட்காரும் குறுக்குப் பலகைக்கும் அந்தப் பெயர், கடலடி மணல்திட்டுக்கும் அந்தப் பெயர். இரண்டும் டச்சிலிருந்து வந்தவை. ருஷ்யப் பேரரசர் மகா பீட்டர் 1697இல் நெதர்லாந்துக்குப் போய்க் கப்பல் தச்சுவேலை கற்றவர். திரும்பும்போது கப்பல் சொற்களும் அந்தக் கடலோரத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்தன. அடகுக்கடைக்கு ருஷ்யர்கள் சொல்லும் பெயர் என்ன தெரியுமா? 'லொம்பார்ட்'.

பனிவயல் | ஞாயிறு, இரவு 8.00

பின்லாந்தில் 'பங்க்கி' என்றால் வங்கி, 'பெங்க்கி' என்றால் பெஞ்சு. இரண்டும் சுவீடிஷ் மொழியிலிருந்து வந்தவை. பொதிகை அம்மா சொன்ன இகரத்தின் இழுப்பு இங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறது. சொல்லின் தொடக்கத்தில் மெலிந்த பகரம் பின்னிஷ் வாயில் வராது, அதனால் அழுத்தமான பகரம். தமிழ் எழுத்துக்கு இதில் சிரமமே இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் பெங்க்கி இருந்தாலும் யாரும் யார் பக்கத்திலும் உட்காரமாட்டார்கள் என்பது தனிக்கதை.

ரைன்கரை | ஞாயிறு, இரவு 8.45

சாடிக் கதைக்குப் பதிலாக என் கதை. வந்த முதல் கோடையில் குடும்பத்தோடு ஆல்ப்ஸ் மலைப் பாதையில், ஆஸ்திரியப் பக்கம், கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குப் பசி. வழியோரம் ஒரு மஞ்சள் பலகை: 'பாங்கெட்'. அதற்குக் கீழே இன்னும் இரண்டு நீளச் சொற்கள். விருந்து மண்டபம் வந்துவிட்டது என்று உற்சாகமாகச் சொன்னேன். அரை கிலோமீட்டர் தள்ளி மறுபடியும் பாங்கெட். இந்த மலையில் இத்தனை கல்யாணமா என்று மனைவி கேட்டாள். கடைசியில் அகராதியை எடுத்துப் பார்த்தால், சாலையோர மண்திட்டில் வண்டியை இறக்காதே என்ற எச்சரிக்கை!

இரண்டு பாங்கெட்டுமே 'குட்டிப் பலகை'தான். விருந்து இத்தாலிய 'பாங்கெட்டோ'விலிருந்து வந்தது, சாலையோர மேடை பிரெஞ்சு வழியாக வந்தது. அன்று மதியம் எங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது வகை. வண்டியை ஒதுக்கி, திட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம்.

பொதிகை | ஞாயிறு, இரவு 9.30

ரைன்கரை அண்ணா, ரொட்டி தின்ற இடத்தில்தான் சொல்லின் பழைய பொருள் இருக்கிறது: உட்காரும் மண்மேடு.

நெக்கார்வாசி முதலில் கேட்ட ஆங்கில ஆற்றங்கரையும் அங்கிருந்து வந்ததுதான். வடகடல் தாண்டி வந்த டேனிஷ் குடியேறிகள் மேட்டுக்கும் கரைக்கும் சொன்ன சொல் அது. ஆங்கிலத்தின் கணக்கு இதுதான்: பெஞ்ச் சொந்தப் பிள்ளை, ஆற்றங்கரை வடக்கிலிருந்து வந்த அத்தை மகன், வங்கி தெற்கே போய்ப் பணக்காரனாகித் திரும்பிய சித்தப்பா. வடகடலில் மீனவர்களுக்கும் போர்க்கப்பல்களுக்கும் தெரிந்த டாகர் பேங்க் நீருக்கடியில் கிடக்கும் மணல்மேடு. 1915இல் ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் அங்கே மோதினார்கள். செய்தியை முதல்முறை படித்தபோது ஒரு வங்கிக்காகக் கடற்படை ஏன் போகவேண்டும் என்று குழம்பியிருக்கிறேன்.

ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் பெஞ்சு, வங்கி, மணல்திட்டு மூன்றுமே 'பாங்கோ'. ஸ்பானியர் மீன் கூட்டத்தையும் 'மீன்களின் பாங்கோ' என்பார்கள். ருமேனியாவில் 'பாங்கெ' என்றால் பள்ளிப் பெஞ்சும் வங்கியும். துருக்கியில் பூங்காப் பெஞ்சு 'பாங்க்', வங்கி 'பாங்கா'. பிரெஞ்சுக்காரர்தான் ஒழுங்காகப் பிரித்தார்கள்: 'பான்' பெஞ்சு, 'பாங்க்' வங்கி.

நீதிமன்றத்தை மறந்துவிட்டோமே. நீதிபதிகள் அமரும் பலகையே நீதிபதிகள் குழுவுக்குப் பெயராகி, ஆங்கிலத்தில் 'பெஞ்ச்' ஆனது. நம் நாளிதழ்கள் அதை 'இரு நீதிபதிகள் அமர்வு' என்று எழுதுகின்றன. பலகையை எடுத்துவிட்டு உட்காரும் செயலை மட்டும் வைத்துக்கொண்டது அந்த மொழிபெயர்ப்பு. இந்த இழையில் பேசிய எந்த மொழியும் இவ்வளவு அழகாகச் செய்யவில்லை என்பது என் கட்சி. மூலவேர் ஐயா மகிழலாம்.

மூலவேர் | ஞாயிறு, இரவு 9.50

மகிழ்ந்தேன். ஆனால் 'பாங்கி' என்று அந்தக் காலத்தில் அச்சிட்டதைச் சொல்லாமல் விட்டீர்களே. என் தாத்தாவின் பழைய காகிதக்கட்டில் பார்த்திருக்கிறேன்: 'பாங்கியில் கட்டிய ரூபாய்'. அகப்பொருள் படித்தவனுக்குப் பாங்கி என்றால் தலைவியின் தோழி. தோழியிடம் பணம் கட்டி ரசீது வாங்கியிருக்கிறாரே என்று நினைத்துச் சிரித்தேன்.

கல்லாப்பெட்டி | ஞாயிறு, இரவு 10.10

பள்ளிவாசலில் ஓதும் 'பாங்கு' வேறு, அது பாரசீகம், குரல் என்று பொருள். எங்கள் கிளைக்கு அடுத்த கட்டடம் பள்ளிவாசல். மதியம் பாங்கு சொன்னால் பேங்கில் சாப்பாட்டு நேரம். 34 ஆண்டு அதுதான் எங்கள் கடிகாரம்.

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'இரத்த வங்கி'. 1937இல் சிகாகோவில் ஒரு மருத்துவமனையில் பெர்னார்டு ஃபான்டஸ் என்ற மருத்துவர் வைத்த பெயர். போட்டு வைப்பது, வேண்டும்போது எடுப்பது என்ற கணக்கு. பலகையும் இல்லை, பணமும் இல்லை, ஆனாலும் பெயர் நிற்கிறது. இப்போது விதை, கண், தரவு எல்லாவற்றுக்கும் வங்கி வந்துவிட்டது.

நெக்கார்வாசி | திங்கள், மாலை 7.20

எல்லாருக்கும் நன்றி. இன்று அலுவலகத்தில் நண்பனிடம் லாங்கோபார்டியர் வரை சொல்லிப் பார்த்தேன். 'நான் சொன்னது மரத்தடி பாங்க், அவ்வளவுதான்' என்றான். சற்றுமுன் மறுபடியும் செய்தி வந்தது: நாளை ஆறு மணிக்கு, 'ஆன் டெர் பாங்க்'. பன்மையில் எழுதச் சொல்லிப் பதில் போட்டேன். 'பெங்கெ' என்று ஒற்றைச் சொல் வந்திருக்கிறது.

கல்லாப்பெட்டி | திங்கள், இரவு 7.45

தம்பி, அந்த ஊரில் வங்கி வாசலில் வாங்கு எதுவும் போட்டு வைக்கவில்லையே? ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு ஆற்றங்கரைக்குக் கிளம்புங்கள்.